நாற்காலி நிரப்ப உட்கார்ந்தவர்கள்

“எவ்ளோ நாளா இப்படி இருக்கு, மேடம்?”

கண் பரிசோதனை முகாமில் ஓர் இளம் டாக்டர் என்னைக் கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வெளியே மழை. மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மக்கோல் எழுத்துகளைப் பாதி கழற்றியிருந்தார்கள். மணமகன் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. ஈரக் குடைகளின் வாடையும், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த பழைய சாம்பார் வாடையும் கலந்து அடித்தன. ஆறு வயதான என் மகள் ஜெனி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மேல இருக்கிற பெரிய எழுத்து என்ன, பாப்பா?”

“கறுப்பா ஒண்ணு இருக்கு அங்கிள். கரப்பான்பூச்சியா?”

நானும் சிரித்துவிட்டேன். “அவ நடிக்கிறா டாக்டர். நாங்க சும்மாதான் உக்காந்தோம். நான்தான் கண்ணு டெஸ்ட் விளையாட்டு விளையாடலாம்னு சொல்லி உக்கார வெச்சேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. ஜெனியின் கையைப் பிடித்து மெதுவாக இடது கண்ணுக்கு மாற்றினார். அவள் மளமளவென்று அட்டையின் அடிவரைக்கும் படித்தாள். கையை மறுபடி வலது கண்ணுக்கு மாற்றினார். மறுபடி கரப்பான்பூச்சி.

“பாப்பா நடிக்கல, மேடம்,” என்றார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

மஞ்சள் கோட்டு

சேலையூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இங்கே யாரையும் தெரியாது. ஜெனி பிறந்த பிறகு வங்கி வேலையை விட்டிருந்தேன். கணவர் காலையில் பெருங்குடி ஆபீஸுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நானும் குழந்தையும் ஃபேன் சத்தமும்தான். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். என் கை சூடாக இருந்ததால் தவறாகத் தெரிந்ததோ என்று கையைக் கழுவிவிட்டு மறுபடி தொட்டுப் பார்ப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்பது இந்தப் பத்திரிகையில் என் தொடரைப் படிக்கிறவர்களுக்குப் பழகியிருக்கும்.

மருந்துக் கடை மாலதி அக்காதான் என்னை வெளியே இழுத்தார். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக ஜுர மருந்து வாங்கப் போனபோது, “ஹெப்சி, குழந்தைக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் பேச ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புக்கு வா,” என்றார்.

அது எங்கள் பகுதியின் சேவைக் கழகம். அக்காதான் செயலாளர். பெயின்ட் கடைக்காரர் ஒருவர் தலைவர். மாதம் ஒரு சேவை, மாதம் ஒரு குடும்பச் சந்திப்பு. சந்திப்பில் அந்த மாதம் பிறந்தநாள் வருகிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். சேவை நாளில் எல்லோருக்கும் மஞ்சள் கோட்டு. சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்கிற, கை இல்லாத, முதுகில் கழகத்தின் பெயர் எழுதிய கோட்டு.

அந்தக் கோட்டை முதல்முறை போட்டுக்கொண்டபோது கண்ணாடியில் என்னையே ரொம்ப நேரம் பார்த்தேன். முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் தூக்கிக்கொண்டு போனவர்கள் இவர்கள். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்ட உடனே பைக்கை எடுக்கிறவர்கள். அவர்களில் நானும் ஒருத்தி என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கண் முகாம்களில் எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார்கள். வரிசையில் வரும் குழந்தைகளுக்கு எந்தக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது. “விரலை விரிக்காதடா கண்ணா, இடுக்குல பாக்கக் கூடாது,” என்று இரண்டு வருடமாக எத்தனையோ குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டில் இருந்த குழந்தையிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

காலி நாற்காலிகள்

கழகங்களில் இருப்பவர்களுக்கு நான் இனிச் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எந்த நிகழ்ச்சிக்கும் முதல் பயம் காலி நாற்காலிதான். மேலிடத்திலிருந்து மாவட்டப் பொறுப்பாளர் வருவார். வருகிறவர் காலி நாற்காலியைப் பார்த்துவிடக் கூடாது. அதனால் ஓவியப் போட்டிக்கு ஆள் குறைந்தால் எங்கள் பிள்ளைகளே வரைவார்கள். சர்க்கரை நோய் முகாமுக்கு எங்கள் மாமியார்கள் வருவார்கள். ஒருமுறை ரத்ததான முகாமில், ஏற்கெனவே கொடுத்து முடித்த தலைவரே மறுபடி கட்டிலில் படுத்துப் படத்துக்குக் கை நீட்டினார். “பஞ்சு மட்டும் வை தம்பி, ஊசி குத்திடாத,” என்று அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தோம்.

இதில் யாரும் எதையும் திருடவில்லை. முகாம் நிஜம், டாக்டர் நிஜம், மருந்து நிஜம். கூட்டம் மட்டும் கொஞ்சம் எங்கள் வீட்டுக் கூட்டம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மழையில் ஆளே வரவில்லை. பின்பக்கம் ஒரு சிறு கூட்டம் மட்டும் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தது. பொறுப்பாளரின் கார் கேம்ப் ரோடு தாண்டிவிட்டதாகத் தகவல் வந்ததும் மாலதி அக்கா கையைத் தட்டினார்.

“எல்லாரும் குடும்பத்தோட முன்னாடி உக்காருங்க. ஹெப்சி, ஜெனியக் கூட்டிட்டு முதல் வரிசைக்கு வா. குழந்தை இருந்தா போட்டோ நல்லா வரும்.”

எழுந்தேன்.

“கோட்டக் கழட்டிடும்மா. போட்டோல தெரியும்.”

கழற்றினேன். நான்காக மடித்து ஜெனியின் தண்ணீர் பாட்டில் பைக்குள் திணித்தேன். இதை எழுதும்போது அந்த மடிப்புதான் ஞாபகம் வருகிறது. பை மூடவில்லை, மஞ்சள் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் உள்ளே தள்ளினேன்.

பின்னால் இருந்து ஒரு குரல்

படம் எடுத்து முடிந்தால் நாங்கள் எழுந்து பின்னால் இருப்பவர்களுக்கு இடம் விடுவதுதான் வழக்கம். அன்று பொறுப்பாளர் ஆர்வமான மனிதராக இருந்தார். அங்கேயே நின்றுகொண்டு, “பாருங்க டாக்டர், நான் பாக்கணும்,” என்றார். எழுந்திருக்க முடியாமல் போயிற்று. எங்கள் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கண்ணைக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

இதற்குள் மழை விட்டிருந்தது. ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பின்னால் சத்தம் கூடியது.

“இன்னாம்மா இது, நாங்க மழையில வந்து ஒக்காந்துகினு கீறோம், இவங்க காருல வந்து முன்னாடி பூந்துகினாங்க?”

திரும்பிப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நனைந்த சுடிதார், மடியில் ஒரு பையன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, உன்னத்தான். நீ காலையில வாசல்ல மஞ்ச கோட்டு போட்டுகினு எங்களுக்கு வழி காட்டல? இப்போ உனக்கும் கண்ணு பேஜார் ஆயிடுச்சா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காது கேட்காதவள் போலத் திரும்பிக்கொண்டேன். அடுத்து எங்கள் முறை. அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஜெனிக்கு இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்றார் டாக்டர். சோம்பேறிக் கண் என்பார்களாம். நன்றாகத் தெரிகிற கண்ணை மட்டும் மூளை பயன்படுத்திக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடுமாம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி வைத்தால், இந்த வயதில் திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. வயது ஏற ஏறக் கடினம்.

டாக்டர் ஜெனியோடு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அடுத்த முகாமுக்கு மாடம்பாக்கம் போக வேண்டும் என்று கிளம்பினார். பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பையனையும்தான்.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் கழகக் குழுவில் படம் வந்துவிட்டது. ஜெனி கண்ணைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, “இன்றைய முகாமில் பயனடைந்த சிறுமி.” அதற்கு நாற்பது கும்பிடு பொம்மை.

சிந்திய தண்ணீர்

அந்த ஒரு வாரம் நான் செய்த வேலை, கடந்த காலத்தைத் துருவியதுதான்.

ஜெனி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜையில் போகும். “கவனம் எங்க இருக்கு உனக்கு?” என்று திட்டியிருக்கிறேன். பந்து போட்டால் பிடிக்க மாட்டாள். பள்ளியில் மணி கோக்கும் பயிற்சியில் எப்போதும் கடைசி. நான் அவளைக் கைவேலை வகுப்பில் சேர்த்தேன். அங்கேயும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதாள். “பொறுமையே இல்ல” என்று அந்த டீச்சரிடம் நானே சொன்னேன்.

இதெல்லாம் அந்தக் கண்ணால்தானா, எல்லாக் குழந்தைகளும் சிந்துவதுதானா? தெரியவில்லை. பிறந்ததிலிருந்தா, மூன்று வயதிலா, போன வருடமா? ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொன்னேன்.

தடுப்பூசி ஒன்றைக்கூட நான் தவற விட்டதில்லை. அதைப் போய் அந்த டாக்டரிடம் சொன்னேன், யாரும் கேட்காமலே.

கணவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “நானும்தான இந்த வீட்ல இருக்கேன். நான் பாத்தேனா?” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலையில் அவளுடைய புதுக் கண்ணாடியைத் தன் பனியனில் துடைத்து மாட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நல்ல கண்ணை மூடிவிட்டால் ஜெனிக்கு உலகமே கலங்கல். முதல் நாட்களில் ஒட்டுப்பட்டையைப் பிய்த்துப் போட்டாள். புருவ முடியோடு வந்தது. “எனக்கு நல்லா தெரியற கண்ண ஏன்மா மூடறீங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கழகத்துக்காரர்கள் அப்போது எங்களைத் தாங்கினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாலதி அக்கா கடையை மூடிவிட்டு எங்களோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த குடும்பச் சந்திப்புக்குத் தலைவர் தன் ஒரு கண்ணில் பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். கேக் மேஜையில் முழங்காலை இடித்துக்கொண்டார். “ஜெனி, எப்டிம்மா இத வெச்சிக்கிட்டு நடக்கற? அங்கிளால முடியல,” என்றார். ஜெனி அவர் கையைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப் போனாள். அன்றுதான் முதல்முறையாக அவள் பட்டையைப் பிய்க்காமல் இருந்தாள்.

தேவி

குரோம்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காத்திருக்கும்போது, பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவளை எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பயனில்லை.

“நீ அந்த மண்டபத்து அக்கா இல்ல?”

அவள் பெயர் தேவி. அகரம்தென் பக்கம் வீடு. பையன் பெயர் கிஷோர். அவனுக்குச் சாதாரண கண்ணாடிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். “அன்னிக்கே பாத்திருந்தாங்கன்னா எனக்கு ரெண்டு நாள் வேலைக்கு லீவு போடற தலவலி இல்ல. சரி வுடு.” பிறகு ஜெனியின் கண்ணில் இருந்த பட்டையைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

“யக்கா, பாப்பாவுக்கு நெசமாவே கண்ணு தெர்லயா?”

“ஆமா. ஒரு கண்ணு.”

“அய்யோ. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? போட்டோக்கு ஒக்காந்துகினு எங்க இடத்தப் புடிச்சிகினீங்கன்னு நெனச்சிட்டேன். வூட்டாண்ட போயும் அதையேதான் சொல்லி ஏசினேன். உன்னப் போயி அப்டி பேசிட்டேனே. மனசுல வெச்சிக்காத யக்கா.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாய் வரை வந்தது. ஜெனி என் மடியில் சாய்ந்திருந்தாள். தேவி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“பரவால்லங்க,” என்றேன்.

மன்னிப்புக் கேட்டவளை மன்னித்துவிட்டேன். அவள் நினைத்தது அத்தனையும் சரி. நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் மகளுக்குக் கண் தெரியாததும் உண்மை. அந்த உண்மையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டேன். பெற்ற பிள்ளையின் கண்ணை இப்படிப் பயன்படுத்துவேன் என்று நான் நினைத்ததில்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு போனில் பேசுகிறாள். ஜெனிக்குக் கேரட் கொடு, முருங்கைக்கீரை கொடு என்கிறாள். நானும் சரி சரி என்கிறேன்.

மேடைப் பேச்சு

ஜெனியின் பார்வை இப்போது கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. அட்டையில் மேல் வரிகளைப் படித்துவிடுகிறாள். மெதுவாக வரும், விடாமல் செய்யுங்கள் என்கிறார் டாக்டர்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் குழந்தைகளுக்கென்றே பெரிய கண் முகாம் நடத்தக் கழகம் முடிவு செய்திருக்கிறது. துவக்க நிகழ்ச்சியில் நான் ஜெனியோடு மேடையேறிப் பேச வேண்டும் என்று மாலதி அக்கா கேட்கிறார்.

“டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்க ஹெப்சி. அம்மா சொன்னா அம்மாக்கள் கேப்பாங்க. எந்தச் சந்தேகமும் இல்லாம சும்மா கூட்டிட்டு வந்தேன், இப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லு.”

“சும்மா கூட்டிட்டு வரலையேக்கா. நாற்காலி நிரப்பத்தான உக்காந்தோம். அதையும் சொல்லணும்ல?”

“அது எதுக்கு?” என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். “அன்னிக்கு உக்காரலன்னா ஜெனிக்குத் தெரிஞ்சிருக்குமா? உங்க இயேசுதான் உக்கார வெச்சார்னு வெச்சுக்கோயேன்.”

அப்படியும் நினைத்துப் பார்த்தேன். ஜெபத்தில் நன்றியும் சொல்லிவிட்டேன். ஆனால் கிஷோரின் முறையை எடுத்து ஜெனிக்குக் கொடுக்கும் ஆளாகக் கடவுளை நினைக்க என்னால் முடியவில்லை. அவனுக்கும் அதே போன்ற கண்ணாக இருந்து, அவன் அம்மாவுக்கு லீவு கிடைக்காமல் போயிருந்தால்?

“நீ இத மேடையில சொன்னா,” என்றார் அக்கா, இந்த முறை மெதுவாக, “நாளைக்கு எவன் நம்மள நம்பி டாக்டர அனுப்புவான்? வெள்ளத்துல தண்ணிக்குள்ள நடந்தவங்கம்மா இவங்க எல்லாம். ஒரு போட்டோக்காக எல்லாரையும் திருடங்க மாதிரி ஆக்கிடுவியா?”

ஜெனிக்காகக் கண்ணை ஒட்டிக்கொண்டு வந்து முழங்காலை இடித்துக்கொண்ட மனிதரின் முகம் முன்னால் வந்தது.

ஜெனியிடம் மேடை விஷயத்தைச் சொன்னேன். “பட்டை ஒட்டிட்டா, ஒட்டாமயா?” என்று மட்டும் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வரைய உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அவ்வளவுதான்.

போன வாரம் தேவி போன் செய்தாள். முகாம் செய்தி அவள் தெருவரை போயிருக்கிறது.

“யக்கா, நீ மைக்ல பேசப் போறியாமே? எங்க தெரு புள்ளைங்க அத்தனையும் இட்டுகினு வரேன். நீ பேசறத முன்னால ஒக்காந்து கேக்கணும். இதுங்க அம்மாக்காரிங்க நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க, நீ சொன்னா நம்புவாளுங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இதை இங்கே எழுதுகிறேனே, துணிச்சல் என்று நினைக்காதீர்கள். மாலதி அக்கா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பார். அவர் படிக்கட்டும் என்று ஒரு பாதி மனம் சொல்கிறது. தேவி பத்திரிகை வாங்குகிறவள் இல்லை என்ற தைரியம் இன்னொரு பாதி. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

முகாமுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்களிடம் யோசனை கேட்கிறேன். மேடையில் முழுவதையும் சொல்வதா? அக்கா சொல்வது போல அந்த ஒரு பகுதியை விட்டுவிட்டு, இன்னும் நாலு குழந்தைகளின் கண் பிழைக்கட்டும் என்று இருப்பதா? இல்லை, அதற்கு முன்னால் அகரம்தென்னுக்கு பஸ் ஏறி, தேவியிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அவள் வருகிறாளா இல்லையா என்பதை அவளிடமே விட்டுவிடுவதா? அவள் கோபித்துக்கொண்டு அந்தத் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வராமல் போனால், அந்தப் பழி யாருடையது?

எல்லோரும் எழுதுங்கள். முக்கியமாக, எங்கேயோ ஒரு வரிசையில் உங்கள் பிள்ளையின் முறையை யாரோ எடுத்துக்கொண்டு போன அம்மாக்கள் எழுதுங்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் உங்களுக்குப் பழக்கமாகி, பிடித்தும் போய்விட்டால், அவள் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்களா? எனக்கு நிம்மதி தருவதற்காக எழுத வேண்டாம். நீங்கள் தேவியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.